நடுச்சாலைப் புல்வெளி

லாரியிலிருந்து இறக்கிய புல்லைப் பாய் விரிப்பதுபோல விரித்துக்கொண்டு போனார்கள். கரம் என்ற பையன் உருட்டிவிட, பாயூமி முழங்காலில் நகர்ந்து நகர்ந்து விளிம்புகளைச் சேர்த்து, உள்ளங்கையால் தட்டி ஒட்டினான். கெய்ரோவின் சுற்றுச்சாலையில், போகும் வண்டிகளுக்கும் வரும் வண்டிகளுக்கும் நடுவே, நேற்றுவரை ஜல்லியும் குப்பையும் கிடந்த இடம் அது. பாயூமியின் மனைவி அதீயாத் தண்ணீர் டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்து, விரித்த புல் ஈரம் வாங்கட்டும் என்று காத்திருந்தாள்.

பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறையில் வேலை பார்த்த வருஷங்கள் அவளுடைய நுரையீரலில் தங்கிவிட்டன. "மாத்திரை பாதி, நடை பாதி. சமதரையா, மரம் இருக்கிற இடமா பார்த்து நடம்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவை உட்காராமல் நடந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். அவர்கள் தெருவில் ஒரு ஆட்டோ வந்தாலே ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆற்றோரத்தில் மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது ஓட்டல்களின் வேலிக்குள் போய்விட்டது. அதனால் பாயூமி அவளைத் தன்னோடு வேலை வண்டியிலேயே ஏற்றி வந்தான். விடியும் நேரத்தில் வண்டிகள் குறைவு. வடக்கிலிருந்து கொஞ்சம் காற்றும் வரும்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"வழி விடுங்கப்பா, இன்ஸ்பெக்டர் அம்மா வர்றாங்க," என்று கரம் ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தான். "புல்லு சரியா இருக்கா அண்ணி? இல்லேன்னா அண்ணன் சம்பளத்துல பிடிச்சிருங்க."

"பிடிக்கிற அளவுக்கு அதுல என்னடா இருக்கு?"

மேஸ்திரி ஷவ்கி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டு மொட்டைமாடியா இது?" என்று பாயூமியிடம் கேட்டார். ஆனால் இரண்டாவது விளக்குக் கம்பத்திலேயே அவள் மூச்சு வாங்கி உட்கார்ந்ததைப் பார்த்ததும், தன் தேநீரை அவளிடம் நீட்டினார். "மெதுவாப் போம்மா. பஸ்ஸா பிடிக்கப்போறே?"

அதன்பின் அவள் தினமும் வந்தாள். தண்ணீர் காட்டிய புல்லுக்குக் கொண்டலாத்திப் பறவைகள் வந்தன. ஒன்று அவளுக்கு முன்னால் ஓடி ஓடி மண்ணைக் கொத்தும். அது நிற்கும் இடம்வரை போனால் போதும் என்று அவள் நடப்பாள். இரண்டாவது கம்பம் நாலாவது ஆயிற்று. ஒருநாள் தொட்டிகளோடு மண்ணில் இறக்கியிருந்த பேரீச்சைகளின் வரிசைவரை போய், அங்கே ஒருமுறை மட்டும் உட்கார்ந்தாள். வண்டியில் திரும்பும்போது மொச்சை மசியலை ரொட்டியில் வைத்து மடித்து பாயூமிக்குக் கொடுத்தாள்.

"நாளைக்கு உட்காராம கடைசிவரைக்கும் போயிடுவேன்."

"போவே," என்றான் பாயூமி. மண் ஒட்டிய கையால் அவள் முட்டியைத் தட்டினான், புல்லைத் தட்டுகிறவன் மாதிரி.

அன்று மதியம், யாருக்காகப் புல் விரித்தார்களோ அந்த மந்திரி வந்தார். கண்ணாடி ஏற்றிய கார்கள் வரிசையாகப் புல்வெளியைக் கடந்து போயின. ஒன்றும் வேகம் குறையவில்லை.

மறுநாள் லாரி காலியாக நின்றது. இன்னும் புல் வரப்போகிறது என்றுதான் அதீயாத் நினைத்தாள்.

"எல்லாத்தையும் சுருட்டுங்க," என்றார் ஷவ்கி. "விமான நிலையத்துச் சாலையில விரிக்கணுமாம். மந்திரி நாளைக்கு அந்தப் பக்கம் வர்றாராம்."

பாயூமி ஒரு மூலையைத் தூக்கினான். தலைமுடி அளவு மெல்லிய வெள்ளை வேர்கள் மண்ணுக்குள் போயிருந்தன. துணி கிழிவதுபோன்ற சத்தத்தோடு அவை அறுந்தன.

"வேர் விட ஆரம்பிச்சிருச்சே," என்றாள் அதீயாத்.

அவள் செருப்பைத் தேடினாள். "நான் பஸ்ல போயிக்கிறேன். நீங்க வேலையப் பாருங்க."

ஷவ்கி லாரியைப் பார்த்தார். டிரைவர் ஹாரனை அழுத்தினான். "நீ இருடா," என்று அவனிடம் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். "இந்த முனையிலிருந்து சுருட்டுங்க. அம்மா முன்னாடி போகட்டும். யாரும் ஓட வேண்டாம்."

அவள் நடந்தாள். அவள் வேகத்துக்குப் பின்னால் புல் சுருண்டுகொண்டே வந்தது. அவள் நின்று மூச்சு வாங்கினால் ஆட்களும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

"திரும்பிப் பார்க்காதீங்க அண்ணி," என்றான் கரம். "பின்னாடி பாலைவனம்."

அவளுக்குச் சிரிப்பு வந்து இருமலும் வந்தது. பேரீச்சைகளைத் தொட்டியோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கே உட்காரவில்லை. உதட்டைக் குவித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை ஊதி ஊதி விட்டாள். கடைசிக் கம்பத்தைக் கையால் பிடித்தாள்.

"உட்காரலை. பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்," என்றான் பாயூமி. சுருள் அவள் குதிகால்வரை வந்துவிட்டது. அவன் மண்டியிட்டபடியே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "காலை எடு, அதீயாத்."

அவள் ஒரு காலை எடுத்து ஜல்லியில் வைத்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள். பாதம் அமுங்கிய இடத்தில் புல் நிமிர்வதற்குள் அவன் அதைச் சுருட்டித் தோளில் ஏற்றினான்.