துணையோடு மட்டும் பயணம் செய்யலாம்

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு வருடமாக மறதி நோய். அதோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட். வேறொரு நாட்டில் இருந்த அவருடைய தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தம்பியால் விமானம் ஏறி வர முடியாது. அண்ணனும் தம்பியும் நேரில் பார்த்து ஒன்பது வருடமாகிவிட்டது.

“இப்பப் போனாத்தான் உண்டு. அடுத்த வருஷம் போனா இவருக்குத் தம்பியைத் தெரியுமோ தெரியாதோ, தம்பி இருப்பாரோ இருக்க மாட்டாரோ,” என்று மனைவி தன் மகனிடம் ஃபோனில் சொன்னாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். பல் பிடுங்க வந்தவர்களிடம்கூட “வலிக்கும், ஆனா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றுதான் சொல்வாள்.

மகனுக்கு வேறு ஊரில் ஒரு சரக்குக் கிடங்கில் மேலாளர் வேலை. டிக்கெட் போடுவதாகச் சொன்னான். பயணக் காப்பீடு அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

“ஆன்லைன்லயே எடுத்துடலாம்மா. ஏற்கெனவே ஏதாவது நோய் இருக்கான்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். பத்து நாள்ல என்ன ஆயிடப் போகுது?”

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அவள் படிவத்தை நிரப்பினாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். திரையை எட்டிப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார்.

“‘மறதி நோய் உண்டா?’ இதுக்கு ஏன் இல்லைன்னு போட்ட?”

“சும்மா இருங்க. உண்டுன்னு போட்டா தர மாட்டாங்க.”

“மறதி எனக்குத்தானே? நீ ஏன் மறக்கற?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “லிஃப்ட்டோட கம்பி வடம் தேஞ்சிருந்தா, தேஞ்சிருக்குன்னுதான் எழுதணும். நல்லா இருக்குன்னு எழுதிட்டா, அதுல ஏறுறவன் கதி என்ன ஆகும்?” என்றார்.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இது தெரிந்திருந்தது. அவள் ‘இல்லை’ எல்லாவற்றையும் அழித்து ‘உண்டு’ என்று மாற்றினாள். அடுத்த நொடியே திரையில் வந்துவிட்டது: மன்னிக்கவும், உங்களுக்குக் காப்பீடு வழங்க இயலாது.

இரண்டாவது நிறுவனத்துக்கு நேரிலேயே போனாள். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டார். கோப்பைப் புரட்டிவிட்டு, “டிமென்ஷியா, அதாவது இந்த மறதி நோயைத் தவிர மத்த எல்லாத்துக்கும் கவர் உண்டு மேடம்,” என்றார்.

“இவரு வழி தெரியாம ரோட்டுல இறங்கி, வண்டி இடிச்சுட்டா?”

அதிகாரி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “அது டிமென்ஷியாவால வந்ததுன்னு ஆயிடும்.”

“மாத்திரை போட்டதை மறந்து, ரெண்டாவது தடவை போட்டு மயங்கி விழுந்தா?”

“அதுவும்தான்...”

“அப்ப ஓட்டைப் பானையைக் கொடுத்துத் தண்ணி பிடிச்சுக்கோன்னு சொல்றீங்க,” என்று எழுந்து வந்துவிட்டாள்.

கணவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் இருந்த நர்ஸ்தான் மூன்றாவது நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ஃபோனிலேயே ஒவ்வொரு நோயைப் பற்றியும் விசாரித்து முடிவு செய்வார்களாம். சனிக்கிழமை காலையில் அழைப்பு வந்தது. பேசிய பெண், “சாரும் கேட்டுக்கிட்டிருக்கணும் மேடம், அவரோட சம்மதம் வேணும்,” என்றாள். அதனால் ஸ்பீக்கரைப் போட்டுக் கணவருக்கு முன்னால் வைத்தாள்.

ஸ்டென்ட் எப்போது வைத்தது, கடைசியாக நெஞ்சு வலி எப்போது, சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று கேள்விகள் நீண்டன. அவள் மருந்துச் சீட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள். உடை மாட்டிக்கொள்ள உதவி வேண்டுமா என்று கேட்டபோது தடுமாறி, “பொத்தான் மட்டும்,” என்றாள்.

“வழி தெரியாம எங்கேயாவது போயிருக்காரா மேடம்?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவை. ரெண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துல, லிஃப்ட்டுக்குள்ள நின்னு பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. மூணு மணி நேரம் தேடினோம். காவலாளிதான் கண்டுபிடிச்சுக் கொடுத்தார்.”

பேசி முடித்து ஃபோனை வைத்ததும் அவர் கேட்டார்: “இதை ஏன் எங்கிட்ட நீ சொல்லவே இல்ல?”

“சொன்னேங்க. மூணு தடவை சொன்னேன்.”

“மூணு தடவையும் மறந்துட்டேனா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். “அப்ப நாலாவது தடவை சொல்லாத. கேக்க நல்லா இல்ல,” என்றார். அவள் சரி என்றாள்.

நிறுவனம் ஒப்புக்கொண்டது. கட்டணம் மற்றவர்களுக்கு ஆவதைப்போல நாலு மடங்கு. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசி. பயணம் போகலாம் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். நரம்பியல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருந்த பெண், அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

“நானும் அந்த நாற்காலியில உட்கார்ந்து பதில் சொல்றவதான்மா. டாக்டர் மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இருக்கும்னு எனக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு மனைவி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை மணிக்குக் கடிதம் கைக்கு வந்தது. ‘துணையோடு மட்டும் பயணம் செய்யலாம். தனியாக விடக் கூடாது.’ அதை அன்றே நிறுவனத்துக்கு அனுப்பினாள்.

விமான நிலையத்துக்குத் தம்பி சக்கர நாற்காலியில் வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கணவர் அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு மனைவியின் காதோரம், “யாரு இவரு?” என்றார்.

“அண்ணா,” என்றார் தம்பி.

கணவர் சட்டென்று திரும்பினார். “குரல் தெரியுது,” என்று சொல்லிக் குனிந்து தம்பியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

தம்பி டயாலிசிஸுக்குப் போன நாட்களில் அவரும் கூடப் போனார். நான்கு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அரை மணிக்கு ஒரு தடவை “இந்த மெஷின் என்னடா பண்ணுது?” என்று கேட்பார். தம்பி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வதுபோலவே விளக்குவார். இயந்திரத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “மோட்டார் நல்லா ஓடுது. பயப்படாத,” என்பார் அண்ணன்.

ஆறாம் நாள் விழுந்தது அவரல்ல, அவள். குளியலறை ஈரத் தரையில் வழுக்கி, வலது மணிக்கட்டும் இடுப்பும் ஒரே நேரத்தில் முறிந்தன. இரண்டுக்கும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, “அவருக்கு ரெண்டு மணிக்கு மாத்திரை,” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தம்பி மனைவிதான் பாலிசி அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். ஒருபக்கம் டயாலிசிஸ் கணவர், மறுபக்கம் வாசல் கதவைத் திறந்து திறந்து பார்க்கும் அவருடைய அண்ணன். அவளுக்கும் ரெண்டு கைதானே.

அந்தப் பக்கம் பேசியவர் சிகிச்சை விவரங்களைக் குறித்துக்கொண்டு, “சாரைத் தனியா விடக் கூடாதுன்னு எங்க ஃபைல்ல இருக்கு. மேடம் ஆஸ்பத்திரியில இருந்தா அவரை யார் பார்த்துப்பாங்க?” என்று கேட்டார்.

“அதாங்க தெரியல.”

“அவங்க குடும்பத்துல ஒருத்தரை வரவழைங்க. போக வர டிக்கெட் நாங்க போடறோம். அது பாலிசியிலேயே இருக்கு.”

அவள் விழுந்த இரண்டாம் நாள் மகன் வந்து இறங்கினான். அப்பாவின் பக்கத்தில் படுத்தான், மாத்திரை கொடுத்தான், கூடவே டயாலிசிஸ் நிலையத்துக்கும் போய் வந்தான். வந்த நான்காம் நாள் சவரம் செய்யாத முகத்தோடு அம்மாவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான்.

“அப்பா குளிக்கவே மாட்டேங்கறார்மா. நீ எப்படிக் குளிக்க வைப்ப?”

“குளிங்கன்னு சொல்லாத. சுடுதண்ணி ஆறுதுன்னு சொல்லு.”

“அவர் பாட்டுக்கு எழுந்து கதவைத் திறக்கறார். நாலு நாளா நான் ஒழுங்காத் தூங்கல. நீ ரெண்டு வருஷமா...”

“ஆமா,” என்றாள் அவள். “இல்லைன்னு போட்டுடும்மான்னு நீ சொன்னதைக் கேட்டிருந்தா, இப்ப நான் இங்க, அவரு எங்கேயோ.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நல்ல கையால் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மூன்று பேரும் கிளம்பினார்கள். வாசலில் கணவர், “அடுத்த தடவை நீ வாடா,” என்றார். “வரேன் அண்ணா,” என்றார் தம்பி. தம்பி மனைவி பெட்டியை எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டாள்.

ஊர் திரும்பியதும் மகன் வேலையை மாற்றிக்கொண்டு அம்மா அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கிடைத்தார். அவள் ஊன்றுகோலோடு பல் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினாள்.

ஐந்தாவது மாதம் தம்பி இறந்த செய்தி வந்தது. அவள் கணவரை உட்கார வைத்துச் சொன்னாள். அவர் அன்று முழுவதும் அழுதார். மறுநாள் காலையில் முகம் கழுவி வந்து, “தம்பி ஃபோன் பண்ணானா?” என்று கேட்டார். மகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“இன்னைக்கு இல்லைங்க,” என்றாள் அவள்.

“வேலையா இருப்பான்,” என்று சொல்லிவிட்டு அவர் நடக்கப் போவதற்குச் செருப்பைத் தேடினார். மகன் எடுத்துப் போட்டுவிட்டு, தன் செருப்பையும் மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கினான்.