கரையோரக் கால்தடம்

உறைந்த ஏரியைப் பற்றிப் பொய் எழுதினால் ஆள் சாவான். டூவாவுக்கு அது தெரியாததல்ல. தெரிந்தே எழுதினாள்.

ஏரிகளில் நெடுந்தூரம் ஸ்கேட்டிங் போகிறவர்களுக்கென்று ஸ்வீடனில் வரும் சின்னப் பத்திரிகை அது. அவளுடைய கட்டுரைகள் ஒன்றிரண்டு வந்திருந்தன. இன்னொன்று தேறினால் இதழ்தோறும் எழுதலாம் என்று ஆசிரியர் குன்னெல் சொல்லியிருந்தார். அதற்காகவே டூவா தனியாக ஏரி முழுக்கப் போய்வந்தாள். ஓடை வந்து கலப்பதால் பனி மெலிந்திருக்கும் இடுக்கில் மட்டும் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டுக் கரையேறி நடந்தாள். இரும்பு முனைத் தடியால் பனிப்பாளத்தைக் குத்திப் பார்க்கக்கூடத் துணிவு வரவில்லை. பயந்து நடந்தேன் என்று எழுத வெட்கம். 'முழு ஏரியும் தாங்குகிறது' என்று முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை குன்னெல் போன் செய்தார்.

"உன் கட்டுரைய நம்ம இணையப் பக்கத்துல போட்டாச்சு. இனிமே நீ எங்க ஆளு. நாங்க கொஞ்ச பேரு அந்த ஏரியிலதான் இறங்கியிருக்கோம். நீ போன வழியிலயே போறோம்."

"குன்னெல், அந்த இடுக்குல..."

"ஒரே காத்து, ஒண்ணும் கேக்கல. அப்புறம் பேசு."

பிறகு எத்தனை முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை. டூவா காரை விரட்டினாள். இடுக்கை நோக்கிக் காட்டுக்குள் ஓடியபோது பேச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாழாய்ப்போன வெட்கம், அதற்கு யார் உயிரைக் கொடுப்பது?

நாணல் ஓரத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். குன்னெல் கரைப்பனியைப் பார்த்தபடி இருந்தார்.

"இந்தத் தடம் உன் பூட்ஸுதானே?"

"ஆமா."

"இதப் பாத்துதான் நின்னோம். முழு ஏரியும் தாங்குதுன்னு எழுதினவ எதுக்குக் கரையேறி நடந்தான்னு."

கையை நீட்டி இடுக்கின் பனிப்பாளத்தில் தடியால் ஒரே குத்துக் குத்தினார். தடி பிடிவரை உள்ளே போனது. கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. கூட்டத்தில் முதலில் போக இருந்த பெங்ட் முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தார். டூவாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இனிமே நான் எழுதல, குன்னெல்."

"எழுதுவ. இதழ்தோறும் எழுதுவ. முதல்ல இத எழுது, உன் பேரப் போட்டு." தடியை நீட்டினார். "இந்தா. இடுக்கு தாண்டினதும் நீதான் முன்னால இறங்கற. நாங்க பின்னால வர்றோம்."

மறுபுறம் டூவா இறங்கினாள். குத்திப் பார்க்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.