போகாத வில்லை

1

இந்தக் கதை ஒரு பொட்டில் ஆரம்பித்தது.

போன ஆயுத பூஜையன்று தாராவி லேபர் கேம்ப்பில் எங்கள் வரிசை முழுக்க வாசலில் பலகை போட்டிருந்தார்கள். ஸ்பானர், கொத்தனார் கொல்லூறு, தோல் அறுக்கும் கத்தி, இஸ்திரிப் பெட்டி, பஸ் கண்டக்டர் வீட்டில் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி. எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு ஸ்பானருக்கு நெற்றி எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பொட்டு வைக்கவே கூடாத கருவி ஒன்று இருக்குமா என்று அப்போதுதான் தோன்றியது.

யாரையாவது கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வாய் வராது. பிறகொரு நாள் குழாயடியில், துப்பாக்கி ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததில் எனக்கு விடை கிடைத்தது. அவர் சொன்னது பாதிதான். என் குடம் நிறைந்துவிட்டது. மீதியை நானே கட்டியிருக்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: “பிச்சையா துப்பாக்கியின் கழுத்தைத் திருகினான்.” அடித்துவிட்டேன். கோழி ஞாபகம் வருகிறது.

இரண்டாவது ஆரம்பம்: “டில்லியில் ஒரு சட்டம் போட்டார்கள், அதனால் தாராவியில் ஒருத்தி ஓடினாள்.” இது பிடித்திருந்தது. ஆனால் அவள் ஓடப்போவதை இப்போதே சொல்லிவிட்டால் [சொல்லியாயிற்று. போகட்டும்.]

மூன்றாவது ஆரம்பம் சாதாரணமானது. அதுவே இருக்கட்டும்.

ஃபோர்ட் பக்கம் ஒரு சேட்டின் துப்பாக்கிக் கடையில் பிச்சையா ஃபிட்டர். அறுபத்து மூன்றாம் வருஷம் அவனுக்கு நிறைய வேலை வந்தது. பட்டாளத்துத் தோட்டா போகிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது என்று டில்லியில் சட்டம் வந்ததும், வேட்டைக்காரர்கள் பழைய பீப்பாயைக் கழற்றி வேறு அளவுப் பீப்பாய் மாட்டித் தரச் சொன்னார்கள். இதுவரை திரீ நாட் திரீ தோட்டாவை விழுங்கியது, இனி திரீ ஃபிஃப்டீன் விழுங்கும். உடம்பு பழசு, தொண்டை புதுசு.

மாட்டியபின் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துக்கொள்ளும் போல்ட்டுக்கும் புதுப் பீப்பாய்க்கும் நடுவே இடைவெளி அதிகம் இருக்கக் கூடாது. இருந்தால் தோட்டா பின்பக்கம் கிழியும். நெருப்பு, சுடுகிறவனின் கண்ணுக்கு வரும். அதைப் பார்ப்பதற்கு நாலணாக் காசு மாதிரி இரண்டு எஃகு வில்லைகள். மெல்லியதை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும். கனமானதை வைத்தால் மூடவே கூடாது; மூடினால் இடைவெளி அதிகம். பிச்சையா அவற்றுக்கு ‘போறது’, ‘போகாதது’ என்று பெயர் வைத்திருந்தான்.

(சில கடைகளில் முதல் முறை துப்பாக்கியை லாரி டயரில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுப்பார்களாம். இந்தச் சேட் கடை வழக்கம் வேறு. மாட்டினவனே தோளில் வைத்து மூன்று தோட்டா சுட வேண்டும். “நீ மாட்டினதை நீயே நம்பவில்லை என்றால் வாங்குகிறவன் எப்படி நம்புவான்?” என்பார் சேட். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதன்மேல்தான் நிற்கிறது.)

3

பார்ஸி சேட் கடையில் ஆயுத பூஜை கிடையாது. பிச்சையா தன் கருவிப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி முருகம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைத்தாள். வில்லைக்கு வந்தபோது அவன் தடுத்தான்.

“ஏட்டி, அதுக்குமா?”

“ஏன், இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

“அது சாமான் இல்லட்டி, ஜட்ஜு. தாள் கனம் கூடிட்டுன்னாலும் தீர்ப்பு மாறிரும்.”

“அப்பம் ஜட்ஜுக்குத்தான் மொதப் பொட்டு.” வைத்தேவிட்டாள்.

“சரி, நாளைக்குத் தொடச்சிக்கிடுதேன்.”

“தொடைக்கப்பிடாது. தானா அழியணும். சாமி வச்ச பொட்டு.”

“சாமியா வச்சிச்சு? நீதானட்டி வச்ச.”

“நான் வச்சா தொடைச்சிருவியளோ?”

அவன் சிரித்துக்கொண்டே சூடம் எடுக்கத் திரும்பினான். முருகம்மாள் கையில் வில்லை இருந்தது. காசு மாதிரி இல்லாமல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. முகம் எது, முதுகு எது என்று தெரியவில்லை. முதுகுக்கு வைத்த பொட்டை சாமி கணக்கில் எடுக்காது என்று நினைத்து, திருப்பி மறுபக்கமும் சந்தனத்தை அழுத்தித் தடவினாள். குங்குமம் தீர்ந்திருந்தது. பரவாயில்லை என்று வைத்துவிட்டாள்.

அது கனமான வில்லை. போகாதது.

4

இங்கே எனக்குப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது. பிச்சையா மாதிரி ஒருவன் துடைக்காமலா வேலை செய்வான்?

முதல் தடவை எழுதும்போது அவனை மறதிக்காரன் ஆக்கினேன். ஒட்டவில்லை. மறதிக்காரனை சேட் பீப்பாய் பக்கம் விட்டிருக்க மாட்டார். அடுத்த தடவை குடிக்க வைத்தேன். குடிகாரன் பெண்டாட்டி ஜட்ஜுக்கு மொதப் பொட்டு என்று அப்படி விளையாட மாட்டாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

கடைசியில் அவன் பேப்பர் படிக்கும்போது பார்த்தேன். (நான்தான் உண்டாக்கினேன், ஆனாலும் பார்த்தேன்.) கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துப் படித்தான். கிட்டப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி போட்டால் சேட் அரத்தால் ராவுகிற வேலைக்கு இறக்கிவிடுவார் என்று மறைத்து வைத்திருந்தான்.

ஆக, துடைத்தான். குங்குமம் சிவப்பாகத் தெரிந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் துடைத்தான். ‘மன்னிச்சிக்கோட்டி’ என்றுகூட மனசுக்குள் சொல்லியிருப்பான். மறுபக்கம் காய்ந்து மெழுகுபோல் படிந்திருந்த சந்தனம் அவன் கண்ணுக்கு எஃகாகவே தெரிந்தது. வில்லையை வைத்தான். போல்ட் மூடவில்லை. மூடாமல் தடுத்தது எஃகா சந்தனமா என்று போல்ட்டுக்கு எப்படித் தெரியும்?

அன்று வீட்டுக்கு வந்து, “போகாதது போகலட்டி. மாட்டுனா இப்பிடி மாட்டணும்” என்று சொல்லிவிட்டு இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

5

துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கிற நாள் காலையில் பிச்சையா, “கோவண்டி குவாரியில, மத்தியானத்துக்கு மேல” என்று சொல்லிவிட்டுப் பையோடு போனான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பூமாரி வந்தாள். ஜாக்கெட் தைப்பவள். அவள் தையல் மிஷினுக்கும் பூஜையன்று முருகம்மாள்தான் பொட்டு வைத்தாள்.

“முருகு, நீ மிஷினுக்குப் பொட்டு வச்சியா, சோறு ஊட்டுனியா?”

“என்ன மைனி?”

“தகட்டுக்கு அடியில காஞ்சி ஒட்டிக் கெடக்கு. தகடு ஒக்கார மாட்டேங்கு. பாக்காம மிதிச்சிட்டேன். ஊசி ஒடிஞ்சி கண்ணு பக்கத்துல பறந்துட்டு. இந்தா பாரு, இம்புட்டுத்தான்.”

நகத்தால் சுரண்டி எடுத்த சந்தனச் சில்லை நீட்டினாள். வெங்காயத் தோல் அளவுகூட இல்லை. முருகம்மாள் அதையே பார்த்தாள்.

“மைனி, அவுக இன்னைக்குச் சுடப் போயிருக்காவ.”

“எதச் சுட?”

“ரெண்டு பக்கமும் வச்சேன் மைனி.”

“என்னட்டி உளறுத? ஏ முருகு, அடுப்பு எரியுது பாரு…”

முருகம்மாள் கதவைச் சா

[இங்கே நிறுத்தினேன். அம்மா வந்துவிட்டாள். திரும்ப எடுத்தபோது வாக்கியத்தின் மிச்சம் மறந்துபோயிருந்தது. முருகம்மாளுக்கும் கதவைச் சாத்தினோமா என்று பிறகு ஞாபகம் இருந்திருக்காது. அப்படியே விடுகிறேன்.]

6

போன் செய்திருக்கலாமே என்பீர்கள். கடையில் போன் இருந்தது. சேட்டும் பிச்சையாவும் துப்பாக்கியோடு எப்போதோ கிளம்பிவிட்டார்கள். குவாரியில் கல்தான் இருந்தது.

சயான் வரை ஓட்டமும் நடையும். ரயில். குர்லாவில் மாறி, மான்கூர்டு வண்டி. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் இருந்தும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். போய் என்ன சொல்வது? சேட் முன்னால் சொன்னால், “ஃபிட்டர் கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்றுதான் அவர் முதலில் கேட்பார். இவன் இத்தனை நாள் மறைத்தது வெளியே வந்துவிடும். செம்பூர் வரை அதற்கு ஒரு வழி தேடினாள். செம்பூர் தாண்டியதும் வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள். அவன் வலக் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. துப்பாக்கிக் கட்டையில் அந்த மச்சத்தை வைத்துத்தான் அழுத்துவான் என்பது அவளுக்குத் தெரியும்.

குவாரிப் பாதையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். காவலுக்கு ஒருவன் பீடியோடு உட்கார்ந்திருந்தான்.

“ருக்கோ பாயி. உதர் கோலி சல்ரேலா ஹை.” நில், அங்கே துப்பாக்கி சுடுகிறார்கள் என்று தடுத்தான்.

“மேரா ஆத்மி உதர்,” என்றாள் முருகம்மாள். அவளிடம் இருந்த ஹிந்தி அவ்வளவுதான். “பந்தூக் கராப். பந்தூக் கராப்.” துப்பாக்கி சரியில்லை என்று சொல்லப் பார்த்தாள்.

“சப் கா ஆத்மி உதரிச் ஹை,” என்றான் அவன். எல்லோருடைய ஆளும் அங்கேதான் இருக்கிறான்.

“அண்ணாச்சி, ஒங்க காலப் பிடிக்கேன், ஓடிப் போய் நிப்பாட்டச் சொல்லுங்க.”

தமிழ் அவனுக்குப் புரியவில்லை. ஆனால் பீடியைக் கீழே வைத்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றினான்.

அப்போது வெடித்தது.

7

இனி முடிவு.

(அ) இன்னும் இரண்டு வெடி கேட்கிறது. பிச்சையா சிரித்துக்கொண்டு மேடேறி வருகிறான். “நீ எதுக்குட்டி இங்க வந்த?” எழுதிப் பார்த்தேன். ஒரு அடித்தல்கூட இல்லாமல் வந்தது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

(ஆ) பிச்சையாவின் வலது கண் [இதற்குமேல் எழுதவில்லை.]

(இ) குவாரியின் பிற்பகல் வெயிலில் அவன் இன்னொரு தரம் வில்லையை எடுத்துப் பார்க்கிறான். வெயில் சாய்ந்து விழுந்ததில் எஃகின்மேல் ஒரு மங்கல் தெரிகிறது. நகத்தால் கீறி முகர்கிறான். சந்தனம். சேட்டிடம், “இன்னைக்குக் கயிறு கட்டி இழுப்போம்” என்கிறான். முருகம்மாளுக்குக் கேட்டது அந்த வெடி. எனக்கு இதுதான் ஆசை. ஆனால் என் ஆசைக்காக அவனுக்கு நல்ல கண்ணைக் கொடுக்க முடியுமா? நாலாவது பாகத்தில் நான்தானே அதைப் பிடுங்கினேன்.

மேலே இருந்து கேட்கும்போது நல்ல வெடிக்கும் கிழிந்த வெடிக்கும் ஒரே சத்தம்தான். இரண்டாவது வெடிக்கு எனக்கு ஒரு வரி போதும். மூன்றாவதற்கு இன்னொன்று. பேனா கையில்தான் இருக்கிறது.

எழுதவில்லை. கோவண்டி வரை நின்றபடியே வந்த ஒருத்திக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு மனசு வரவில்லை. கூட வந்தீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். கடை வழக்கத்தை அவளும் அறிவாள். மூன்று சுட வேண்டும், அடுத்தது கேட்டால் அவன் இருக்கிறான். இருந்தும் அவள் நின்று காது கொடுக்கவில்லை. காவல்காரன் “பாயி, பாயி” என்று கத்த, மூங்கிலுக்கு அடியில் குனிந்து, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, கல் சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறாள்.

காது கொடுத்துக்கொண்டு நிற்பது நீங்களும் நானும்தான்.