ஒரு விரல் உயரம்

கலவை இறுகுவதற்குள் கடைசிக் கல்லை வைத்தாக வேண்டும். மூத்தவள் மண்டியிட்டு, இடது கையை இடுப்பில் முட்டுக்கொடுத்தபடி, வலது கையால் கரண்டியை ஓட்டினாள். பேருந்து நிறுத்தத்தின் நடைமேடையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளம் அது. மேலிருந்து கீழ்வரை சொரசொரப்பான கற்கள், வரிசை பிசகாமல் படிந்திருந்தன. கீழ்முனைக் கல் மட்டும் பாக்கி. அது சாலையோடு சமமாக உட்கார வேண்டும்.

"சக்கர நாற்காலி ஏறணும்," என்றார் மேஸ்திரி. "ஒரு நூல் தூக்கிட்டு இருந்தாலும் மேடம் விடமாட்டாங்க."

"மேடமாம்!" கலவைச் சட்டியை இறக்கிய வாயாடி சிரித்தாள். வாயாடி என்று கூப்பிட்டால்தான் அவளும் திரும்புவாள். "மேஸ்திரி, அந்த மேடத்துக்கு மூக்குத் துடைச்சு விட்டதே இந்த அக்கா கைதான். தெரியும்ல?"

"தெரியும், தெரியும். வேலையைப் பாருங்க."

மேடம், மூத்தவளின் தங்கை. நகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் வேலை. இந்த நிறுத்தமும் சாய்தளமும் அவள் வரைந்தவை.

பிறந்ததிலிருந்தே தங்கைக்குக் கால் ஊன்றாது. இடுப்பில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோனவள் மூத்தவள். தங்கையைத் தூக்க ஆள் வேண்டுமே என்று, மேல்வகுப்பில் இருந்தவளை இறக்கி, தங்கையின் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். படித்து முடித்த பாடத்தையே மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் வாத்தியார் அவளைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். அந்தக் காலத்துப் பேருந்தின் முதல் படி அவள் முழங்காலுக்கு மேலே இருந்தது. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் தங்கை. விசில் ஊதுவதற்குள் ஏற வேண்டும். "விட்டுடாதக்கா," என்று தங்கை காதுக்குள் சொல்வாள். அந்த மூச்சின் சூடு மூத்தவளுக்கு இன்னமும் காதில் இருந்தது. இடுப்பில் வலியும் இருந்தது.

போன வாரம் தங்கை ஒரு பத்திரிகைக்காரனோடு இங்கே வந்திருந்தாள். புது நாற்காலி, நீல நிறம், மெல்லிய சக்கரங்கள். மணல் குவியலுக்குப் பின்னால் மூத்தவள் சல்லடையால் மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டான் அவன்.

"சின்ன வயசுல பஸ் படிதான் எனக்கு மலை," என்றாள் தங்கை. "வீட்டுல தூக்கிட்டுப் போவாங்க. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூட்டையை ஏத்துற மாதிரி இருக்கும். யாரும் யாரையும் தூக்க வேண்டாத ஊரா இருக்கணும்னு அப்பவே தோணிச்சு."

சல்லடை நின்றது. வீட்டுல. அப்பா ஒருநாள்கூடத் தூக்கியதில்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. பேசும்போதெல்லாம் தங்கையின் விரல்கள் சக்கரத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன. மூத்தவள் அந்த நாற்காலியைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் இடுப்பு இருந்த இடத்தில் இப்போது அது இருந்தது.

கடைசிக் கல் உட்கார்ந்துவிட்டது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். மூத்தவள் கல்லை மெல்ல நெம்பி எடுத்தாள். அடியில் இன்னும் இரண்டு கரண்டி கலவை போட்டாள். மறுபடி வைத்துத் தட்டினாள். விரலைப் படுக்கவைத்தால் அந்த உயரம். இந்த மேட்டில் நாற்காலி நிற்கும். தங்கை திரும்பிப் பார்ப்பாள். "அக்கா" என்பாள்.

"என்னக்கா, தூக்கிட்டு நிக்குது?" என்றாள் வாயாடி.

"காஞ்சா அமுங்கும்."

"கல்லு அமுங்குமா? எனக்கே கதை விடுறியா?"

மூத்தவள் கரண்டியைக் கழுவப் போனாள்.

மறுநாள் காலை அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். மூத்தவள் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நகத்துக்குள் இருந்த சிமெண்டைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, ஓரமாக நின்றாள். தங்கை சாலையிலிருந்து சாய்தளத்தை நோக்கி நாற்காலியை உருட்டினாள். முன்சக்கரங்கள் டக்கென்று மோதி நின்றன. இன்ஜினியர் பதறினார். அவருக்கு முன்னால் மூத்தவள் கைகளை நீட்டியபடி பாய்ந்திருந்தாள்.

"யாரும் தொடாதீங்க!"

திரும்பிப் பார்க்காமலே தங்கை சொன்னாள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, முதுகைச் சாய்த்தாள். முன்சக்கரங்கள் காற்றில் எழும்பின. ஒரே எம்பு. மேட்டைத் தாண்டி, நிற்காமல் மேலே போய்விட்டாள். யாரோ கைதட்டினார்கள். எப்போது கற்றுக்கொண்டாள்? விழுந்து விழுந்துதானே கற்றிருப்பாள், அப்போது யார் பிடித்தார்கள்? மூத்தவளின் கைகள் நீட்டியபடியே நின்றன.

மேலே போய்த் திரும்பிய தங்கையின் முகத்தில் சிரிப்பில்லை. "என் கையில பலம் இருக்கு, ஏறிட்டேன். வயசானவங்க வந்தா இங்கயே நிக்க வேண்டியதுதான். கீழ்க் கல்லைப் பெயர்த்து மறுபடி போடணும். யார் போட்டது?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் மூத்தவள்.

தங்கை உருட்டிக்கொண்டு கீழே வந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, குரலைத் தணித்தாள். "உனக்குக் கை தப்பாதேக்கா."

"வயசாகுதுல்ல."

"நான் விழுந்திருந்தா?"

"விழ விட்டிருப்பேனா?"

பதில் சட்டென்று வந்துவிட்டது. தங்கை கழுவிச் சுத்தமாக இருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். "இதுக்காகவாக்கா?"

"பேப்பர்காரன்கிட்ட, வீட்டுல தூக்கிட்டுப் போவாங்கன்னு சொன்ன. வீட்டுல யாருடி?"

தங்கை வாயைத் திறந்தாள். "மேடம், அடுத்த ஸ்டாப் பார்க்கணும்," என்று இன்ஜினியர் கூப்பிட்டார்.

"அப்புறம் பேசலாம்க்கா." சக்கரம் திரும்பியது.

"கேட்டல்ல?" மேஸ்திரி உளியைக் காலடியில் போட்டார். "போட்ட நீயே பெயர்."

புதுப் பேருந்தின் வெள்ளோட்டம் அதற்கடுத்த நாள் சாயங்காலம் நடந்தது. வேலையாட்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேருந்து உஸ்ஸென்று மூச்சுவிட்டு, நடைமேடைப் பக்கமாக உடம்பைத் தாழ்த்தியது. தங்கை சாய்தளத்தில் ஏறினாள். இந்தத் தடவை கீழ்முனையில் சக்கரம் சத்தமே போடவில்லை. மேலே போனவள் தயங்கி நின்றாள்.

"நீயும் வாக்கா. வீட்டுக்கிட்ட இறக்கிவிடச் சொல்றேன்."

"மேடம், நம்ம ரூட் அந்தப் பக்கம் போகாது," என்றார் ஓட்டுநர். "இன்னிக்கு ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான் ஏறணும்னு வேற சொல்லியிருக்காங்க."

தங்கையின் முகம் சிறுத்தது. "அடுத்த கட்டத்துல அங்கயும் வரும்க்கா."

"வரட்டும்," என்றாள் மூத்தவள்.

லாரியின் தளம் நெஞ்சு உயரத்தில் இருந்தது. மற்றவர்கள் டயரில் கால்வைத்துத் தாவி ஏறினார்கள். மூத்தவள் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பு வலியில் அது டயர் வரைக்கும் எழும்பவில்லை. வாயாடியும் இன்னொருத்தியும் மேலே குனிந்து அவள் அக்குளில் கைகொடுத்தார்கள்.

"சிமெண்ட் மூட்டையே தேவலாம்க்கா. எக்கு, எக்கு!"

"விட்டுடாதடி," என்றாள் மூத்தவள்.

எதிரில் பேருந்தின் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ந்திருந்த உடம்பு மெல்ல நிமிர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தங்கை எட்டிப் பார்த்தாள். சிமெண்ட் படிந்த இரண்டு கால்கள், ஊன்ற இடமில்லாமல், புதுச் சாய்தளத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.