வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்த பெட்டி

ஒவ்வொரு இசைக்கருவிக்கும் உயிர் உண்டு. அந்த உயிரைக் கண்டவன் கலைஞன், காணாதவன் வெறும் கம்பி இழுப்பவன். இது டெஸ்மண்ட் ட்ரான்டரின் சித்தாந்தம். அவனுடைய கிடாரின் உயிர், காலால் மிதிக்கும் ஒரு சாம்பல்நிற இரும்புப் பெட்டிக்குள், பட்டாணி அளவிலான இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களில் குடியிருந்தது. பெட்டி குடியிருந்தது அவன் மனைவி நோரீனின் ஃபிரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில்.

ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. சூடேறினால் குரல் கம்மி, கடைசியில் ஊமையாகிவிடும். அதனால் எங்கள் வட்டாரத்தில் பழைய பெட்டி வைத்திருக்கும் எவனும் கோடைக் கச்சேரிக்கு முன் அதைக் குளிர வைப்பான். வைக்காதவனை நாங்கள் கலைஞன் என்று சொல்வதில்லை.

கிடாரின் சுத்தமான ஒலியைக் கரகரப்பாக்குவதுதான் பெட்டியின் வேலை. அந்தக் கோடை தொடங்கியதிலிருந்து அது தன்னிச்சையாகவும் கரகரத்தது. கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். டெஸ்மண்டுக்கு முன்னது தெய்வீகம், பின்னது அவமானம். மெதுவான பாட்டில் ரோலண்ட் பீக் கண்ணை மூடி உருகுகிற இடமாகப் பார்த்து, வாணலியில் பன்றிக்கறி பொரிவதுபோல் படபடக்கும். ரோலண்ட் எங்கள் பாடகன். வேனும் மைக்கும் அவனுடையவை என்பதால் குழுவும் அவனுடையது.

"இந்தச் சனிக்கிழமையும் படபடன்னுச்சுன்னு வையி, என் அக்கா பையன் வாசிப்பான்" என்றான் ரோலண்ட். "அவன்கிட்ட எல்லாச் சத்தமும் ஒரே டப்பாவுல இருக்கு. பொரியலும் கிடையாது, வறுவலும் கிடையாது."

டெஸ்மண்ட் சிரித்தான். நான் பேஸ் கிடார் வாசிப்பவன், அவனுக்கு இடப்பக்கம் நிற்பவன். சிரித்துக்கொண்டே அவன் பெட்டியின் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியதைப் பார்த்தேன். வில்லன்ஹால் ஊரில் அவன் வேலை பார்த்த பூட்டுத் தொழிற்சாலைக்கே பூட்டுப் போட்டபிறகு, வாரத்தில் அவனுக்குக் கிழமை என்று மிஞ்சியிருந்தது சனி மட்டும்தான். மற்ற நாட்களில் நோரீனோடு கடைக்குப் போய்த் தள்ளுவண்டி தள்ளினான்.

சனிக்கிழமை மதியம் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். பேட்டரியை மாற்றினோம். வயரை மாற்றினோம். வயர் செருகும் துளைகளைச் சுரண்டினோம், குமிழ்களுக்குள் தூசு போக மருந்து அடித்தோம். டியூப் லைட்டை அணைத்தோம். இன்னும் லேசாகப் பொரிந்துகொண்டிருந்தது. கடைசியில் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான்.

"உள்ள டிரைஃபிள் இனிப்பு வச்சிருக்கேன்" என்றாள் நோரீன். "அது மட்டும் உருகட்டும், உன் கச்சேரி இங்கயே நடக்கும்."

பெட்டி ஜன்னல் வெயிலில் வெகுநேரமாகக் கிடந்தது. மெல்ல மெல்ல அடங்கியது. டெஸ்மண்ட் என்னைப் பார்த்து விரலைத் தூக்கினான். "கேளு வில்ஃப். ஒண்ணுமே கேக்கல பாரு!" ஒன்றும் கேட்காததற்காக ஒரு இசைக்கலைஞன் கண்கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். குற்றவாளி ஃபிரிட்ஜின் மோட்டார் என்று இருவரும் தீர்ப்பெழுதினோம். பிறகு பொறுப்புள்ள எந்தக் கலைஞனும் செய்வதை அவன் செய்தான்: பிளக்கை மாட்டி, பெட்டியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தான். கதவைச் சாத்தியவன் நான்.

சனிக்கிழமைதோறும் நாங்கள் வாசிக்கும் கிளப்பில் ஆகஸ்ட் வெக்கை. பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்வார்கள் என்று ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. உறைந்த பட்டாணிப் பைக்குள் பொதிந்து கொண்டுவந்த பெட்டியை, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் மேடையில் வைத்தான். முதல் பாட்டு முடிவதற்குள் பொரிய ஆரம்பித்தது. ரோலண்ட் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் டப்பாவை மடியில் வைத்திருந்த அக்கா பையனைப் பார்த்தான்.

இடைவேளையில் பிங்கோ, எண் கூப்பிட்டு ஆடும் சீட்டு விளையாட்டு. எங்கள் கிளப்பில் பிங்கோ நேரத்தில் இருமினாலே முறைப்பார்கள். மேடையில் எதையும் சோதித்துப் பார்க்க முடியாது. டெஸ்மண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கழிவறைக்கு ஓடினான். பின்னாலேயே நானும். அடித்தகட்டைத் திருகிக் கழற்றினான். உள்ளே எல்லாவற்றின்மேலும் பொடிப்பொடியாக நீர்.

"வேர்த்திருக்குடா" என்றான்.

"ஃபிரிட்ஜுல இருந்து எடுத்து இந்த வெக்கையில வச்சா, பீர் பாட்டிலே வேர்க்குதே."

"அப்ப இத்தனை நாளா குளிர வச்சதுதான்..."

கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே பெட்டியைப் பிடித்தான். சூடான காற்று ஊளையிட்டது. நீர் போயிற்று. பெட்டியைத் தொட்டுப் பார்த்தவன் கையை உதறினான். குளிரில் வைத்தால் பொரியும், சூட்டில் ஊமையாகும். அந்தக் கொதிப்பு ஆறுவதற்குள் கச்சேரியே முடிந்துவிடும்.

அதை இயந்திரத்தின் தலையில் வைத்துவிட்டுக் கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்தான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"இது இல்லாம நான் யாருடா வில்ஃப்? பூட்டுக் கம்பெனி ஆளு. அந்தக் கம்பெனியும் இல்ல."

அவன் தோள்கள் குலுங்கின. அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் உள்ளே வந்து, கைகழுவி, "அழறதா இருந்தா கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்கப்பா, கையக் காய வைக்கணும்" என்றார்.

வெளியே யாரோ ஒருத்தி பிங்கோ ஜெயித்துக் கத்தினாள். ரோலண்டின் குரல் மைக்கில் எங்கள் பெயரைச் சொன்னது. டெஸ்மண்ட் எழுந்தான், மூக்கைத் துடைத்தான், வெறுங்கையோடு நடந்தான்.

மேடையில் வயரை எடுத்து நேரே ஆம்ப்ளிபயரில் செருகினான். ரோலண்ட் உருகத் தொடங்கினான். கிடார் தனித்து ஒலிக்கவேண்டிய இடம் வந்தது. டெஸ்மண்ட் முகத்தைப் பிரசவ வேதனைபோல் சுளித்து, வலது காலை மெல்லத் தூக்கி, வெறும் கம்பளத்தை ஓங்கி மிதித்தான். வழுவழுவென்று, எந்த ஒப்பனையும் இல்லாமல் கிடார் ஒலித்தது. பின்வரிசையில் பிங்கோச் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். கைதட்டினார்கள்.

முடிந்ததும் ரோலண்ட் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "டேய், இதுதான்டா சத்தம்! இப்பதான் அந்தப் பெட்டிக்கு உயிர் வந்திருக்கு. எதையும் நோண்டாதே, இப்படியே வச்சிக்க." அக்கா பையனுக்கும் கேட்கும்படி சொன்னான்: "பழசு பழசுதான்."

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தான். பிறகு ரோலண்டைப் பார்த்தான்.

"ஜெர்மேனியம்" என்றான்.

பெட்டி கழிவறையில், கை உலர்த்தும் இயந்திரத்தின்மேல், அடித்தகடு இல்லாமல் கிடந்தது.