பின்வரிசையில் கேட்ட சத்தம்

பயிற்சிக்கு வருகிறவர்கள் பட்டியலில் நான்காவது பெயரை இரண்டு தடவை வாசித்தேன். இர்ம்கார்ட். என் நாத்தனார், லென்ஸின் அக்கா. ஐம்பத்தெட்டு வயதில், முட்டிவலியோடு இவளுக்கு எதற்குப் பனிச்சரிவுப் பயிற்சி என்று யாரும் கேட்கலாம். நான் கேட்கவில்லை. எதற்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்ச் மாதம் லென்ஸ் ஹிர்ஷ்கார் சரிவில் பனிக்கு அடியில் போனான். என் புருஷன். நாங்கள் இரண்டு பேருமே மலை வழிகாட்டிகள். அன்றைக்கு அவன் முன்னால், எட்டு விருந்தாளிகள் நடுவில், நான் கடைசியில். தோண்டி எடுக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு இர்ம்கார்ட் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டுவிட்டாள். அடக்கத்தன்று ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை, அவன் பிறந்தநாளில் ஒரு தடவை. முன்கூட்டி ஏதாவது தெரிந்ததா? ஒன்றும் தெரியவில்லை என்றேன். விசாரிக்க வந்த போலீஸிடமும் அதையே சொன்னேன். பாதிரியாரிடமும் அதையே சொன்னேன்.

பச்சைப் பொய். என் காலடியில் பனி 'வூம்' என்று அமுங்கியது. அடியில் ஒரு படலம் உடைந்து, மேலே இருப்பது எந்த நேரமும் வழுக்கிக்கொண்டு போகலாம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். முன்னால் இருந்தவனுக்கு அது கேட்கவில்லை, காற்று அப்படி. நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் இரண்டு வழிகாட்டிகள் வாக்குவாதம் செய்வது எங்கள் பள்ளத்தாக்கில் துணியில்லாமல் தேவாலயத்துக்குப் போவது மாதிரி. முன்னால் போகிறவன் சொல்வதுதான் வழி. பின்னால் வருகிறவன் வாயை மூடிக்கொண்டு வரவேண்டும், சண்டை எதுவானாலும் இறங்கி வந்த பிறகு சமையலறையில். அடுத்து நிற்கும் இடத்தில் காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்து நிற்கும் இடம் வரவேயில்லை.

காலை ஆறரைக்கு விடுதியின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினோம். ஹாம்பர்க்கிலிருந்து வந்த பல் வைத்தியர் ஏக்கெஹார்ட், அவர் மனைவி ஸ்வாண்ட்யே, எனக்குத் துணை வழிகாட்டியாக விகில், அப்புறம் இர்ம்கார்ட். விகிலுக்கு முப்பத்தைந்து வயது, பதினாறு மாடு, மூன்று பிள்ளைகள், மொத்தமாக ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுவான். இர்ம்கார்ட் தம்பியின் பழைய மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கைப்பகுதி நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தாள். நான் அதைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் வந்த பனிச்சரிவு அறிக்கையை வாசித்தேன். ஆபத்து ஐந்தில் மூன்றாம் நிலை, காற்று லேசானது. பைகளைக் கவிழ்க்கச் சொன்னேன். பனிவாரி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக்கோல், புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க நெஞ்சில் கட்டும் பீப் கருவி. பல் வைத்தியர் பனிவாரியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மூன்று டப்பா சாக்லேட் கொண்டுவந்திருந்தார். புதைந்தவரைச் சாக்லேட் காட்டிக் கூப்பிடப் போகிறாயா என்று கேட்டேன். மலையில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், வைத்தியரானால் என்ன. மனுஷன் சிரித்துவிட்டு விடுதியில் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டார்.

வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பையை, உள்ளே கருவியை ஓடவிட்டு, இடுப்பளவு ஆழத்தில் புதைத்துவிட்டுத் தேடச் சொன்னேன். கணவனும் மனைவியும் கருவியின் அம்பு காட்டும் பக்கம் போகாமல் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு ஒன்பது நிமிஷம் எடுத்தார்கள். இர்ம்கார்ட் நாலே நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த பிறகும் நிறுத்தவில்லை. பையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அந்தக் குழியையே தோண்டிக்கொண்டிருந்தாள். போதும் என்று இரண்டு தடவை சொன்னேன். விகில் போய் அவள் கையிலிருந்து பனிவாரியை மெல்ல வாங்கினான்.

உள்ளே வந்து தேநீர் குடித்தோம். நான் வரைபடத்தை மேசையில் விரித்து வழியைச் சொன்னேன். காட்டுக்கு மேலே ஏறி, ஓடையைத் தாண்டி, கிழக்குப் பக்கச் சரிவில் குறுக்காகப் போய், முகட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பாடு. நான் முன்னால், விகில் கடைசியில்.

"உனக்கு எப்படிப் படுது?" என்று விகிலைக் கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான்.

அவன் கோப்பையைச் சுற்றினான். விருந்தாளிகளை ஒரு பார்வை பார்த்தான். "நீதானே முன்னால போற" என்றான்.

அந்த முகம் எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிற முகம். இரண்டு வருஷமாக நான் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"முழுங்காத விகில். எல்லார் முன்னாலயும் சொல்லு."

"கீழ இறங்கி வந்து பேசிக்கலாம், ரோஸ்வித்தா."

"கீழன்னு ஒண்ணு இருக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

இனி நிறுத்தினால் செத்தாலும் சொல்லமாட்டேன் என்று எனக்குப் புரிந்தது. இர்ம்கார்டைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு என் காலடியில் சத்தம் கேட்டது என்றேன். லென்ஸ் என்னிலிருந்து எழுபது அடி முன்னால் பாறை ஓரத்தில் இருந்தான், இன்னும் சரிவில் கால் வைக்கவில்லை என்றேன். எட்டு விருந்தாளிகளுக்கு முன்னால் அவனை நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் சும்மா இருந்தேன், உன்னிடம் மூன்று தடவையும் பொய் சொன்னேன் என்றேன்.

இர்ம்கார்ட் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மடித்துவிட்ட சட்டைக் கையைப் பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு விகில் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன சொல்ல வந்தே?"

விகில் எழுந்து நின்றுவிட்டான், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி. "காலையில மாட்டுக்கு வைக்கோல் போடும்போது நிலா வெளிச்சத்துல பார்த்தேன். முகட்டுல பனி புகையாப் பறந்துச்சு. அறிக்கை வந்ததுக்கு அப்புறம் ராத்திரி காத்து மாறியிருக்கு. அத்தனையும் கிழக்குப் பக்கம்தான் வந்து குவிஞ்சிருக்கும். அங்க போக வேண்டாம்."

நாற்பது வார்த்தையில் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டது. நான் வரைபடத்தில் கிழக்குச் சரிவின் மேல் பென்சிலால் குறுக்கே அடித்தேன். காட்டை விட்டு வெளியே போக வேண்டாம் என்றேன். நீயே முன்னால் போ என்று அவனிடம் சொன்னேன். ஸ்வாண்ட்யே கணவனின் கையைப் பிடித்தாள், இருவருமாகச் சத்தம் போடாமல் வெளியே போனார்கள். விகிலும் போனான்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். இர்ம்கார்ட் நெஞ்சிலிருந்து கருவியை அவிழ்க்கத் தொடங்கினாள். கொக்கி சிக்கிக்கொண்டது. உதவ நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். தானே கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நீ சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பானா?" என்றாள்.

இதே கேள்விக்கு இரண்டு வருஷமாக எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். கேட்டிருக்க மாட்டான், முரட்டுப் பயல், யார் சொன்னாலும் கேட்கமாட்டான், ஆகவே நான் சொல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பதிலைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன்.

"கேட்டிருக்க மாட்டான்" என்றேன். "அத்தனை பேர் முன்னாலயும் என்னைத் திட்டியிருப்பான்."

"திட்டியிருப்பான்" என்றாள் இர்ம்கார்ட். "திட்டித் தீர்த்துட்டு, நீ சொன்னபடியே செஞ்சிருப்பான். சின்ன வயசிலேர்ந்தே அவன் அப்படித்தான். கூட இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினியே, உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன்.