எறிகிறவன் எந்தப் பக்கம்

பந்து இன்னும் மேலேதான் நிற்கிறது, பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரைக்கும் மேலே, வெயிலுக்குள் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல், நான் கம்பை வீசிவிட்டு ஓடுகிறேன், முதல் கொடி, இரண்டாம் கொடி, இரண்டும் பதினாறு வயதுக் கால்கள், மூன்றாம் கொடியில் திரும்பும்போது மட்டும் வலது முழங்கால் நோகிறது, இதென்ன பதினாறு வயதில் முழங்கால் நோ என்று யோசிக்கிறேன், யோசித்த உடனேயே பிடிபட்டுவிடுகிறது இது கனவு என்று, கண்ணைத் திறந்தால் கனடா, ஸ்காபரோவில் பதினோராம் மாடி, பின்னேரம் மூன்று மணி, மடியில் பத்திரிகை, தொலைக்காட்சியில் நீலச் சட்டைக்காரர் பேஸ்போல் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், குசினிக்குள் அடுப்படியில் நின்று புவனம் கேட்கிறாள், இஞ்சாருங்கோ, நித்திரையிலை ஏன் காலை உதைக்கிறியள், கதிரை உடையப் போகுது. புவனம் என் மனைவி, நாற்பத்தெட்டு வருடமாக என் கனவுகளுக்கு வெளியே நின்று காவல் காக்கிறவள், உள்ளே வர ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

இந்த வயதில் எனக்கு வரும் கனவுகள் இரண்டே இரண்டு, ஒன்று எல்லே, மற்றது அரசியல், சின்ன வயதிலும் அவையே இரண்டும், இடையில் ஒரு வாழ்க்கை வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். எல்லே என்றால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை, பேஸ்போலின் ஏழைச் சகோதரம் என்று சொல்லிவைப்பேன், மூங்கில் கம்பு ஒன்று, டென்னிஸ் பந்து ஒன்று, நாலு கொடி, அடித்துவிட்டு ஓட வேண்டும், ஓடுகிறவனின் முதுகைப் பார்த்து எதிர்ப்பக்கத்தான் பந்தால் எறிவான், பட்டால் ஆள் அவுட், முதுகில் விழுந்த சிவப்பு வட்டத்தை வீட்டில் காட்டாமல் ஒளிக்கவே ஒரு கிழமை போகும். அந்த நாளில் நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டே பாராளுமன்றத்தில் பேசுவேன், கனம் சபாநாயகர் அவர்களே என்று தொடங்கி வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றுவேன், பின்னால் கட்டியிருந்த ஆடுகள் இரண்டும் ஒருமுறையாவது என்னை எதிர்த்து வாக்களித்ததில்லை, கனவில் சிலவேளை எல்லாம் கலந்துவிடும், வெள்ளை வேட்டியோடு சபைக்குள் நான் எழும்பிப் பேசுகிறேன், கையில் ஒலிவாங்கிக்குப் பதில் எல்லேக் கம்பு, அப்போது யாரோ பின்னுக்கிருந்து கத்துகிறார்கள், கதைச்சது போதும், ஓடு.

அப்படிக் கத்துகிறவன் பரஞ்சோதி. எங்கள் ஊர் எல்லேயில் ஒரு சட்டம் இருந்தது, அடிக்கிறவனுக்குப் பந்து எறிகிறவன் எதிரி இல்லை, அடிக்கிறவனின் சொந்தப் பக்கத்து ஆள், அவனுக்கு எங்கே தோதோ அங்கே போட்டுக் கொடுக்க வேண்டியது எறிகிறவன் பொறுப்பு, எனக்கு எறிந்தவன் பரஞ்சோதி, இடது தொடைக்கு நேரே, ஒரு சாண் தள்ளி, நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பை வீசினாலும் பந்து வந்து அதில் ஏறும், ஊரார் என்னைத்தான் அடிகாரன் என்று தோளில் தூக்கினார்கள், தூக்கும்போது அவன் கீழே நின்று என் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு வருவான், எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். எங்களுக்குள் வித்தியாசம் அரசியலில்தான், நான் தமிழ் முழங்குகிற மேடைகளுக்குக் கீழே முதல் வரிசையில் வாய் பிளந்து நிற்கிறவன், அவன் மே தினத்துக்குச் சிவப்புச் சட்டை போட்டுப் பட்டணத்துக்குச் சைக்கிள் மிதிக்கிறவன், சண்டை பிடிப்போம், பின்னேரம் நாலு மணிக்குக் கம்பைத் தூக்கினால் இரண்டு கட்சியும் கலைந்துவிடும்.

இருபது வயதில் எனக்கு முதல் பதவி ஆசை வந்தது, சின்ன ஆசைதான், எங்கள் சனசமூக நிலையத்துக்குச் செயலாளர், பத்திரிகைகளை மேசையில் விரித்துவைத்து, நாலு மணியிலிருந்து ஆறரை வரை வாசிகசாலையைத் திறந்துவைத்து, பூட்டின் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற வேலை, ஆனால் அங்கிருந்துதான் கிராமசபை, அங்கிருந்து பாராளுமன்றம், பாதையெல்லாம் நான் கீறிவைத்திருந்தேன். நிலையத்தில் தன் பெயரைத் தானே சொல்லுகிற வழக்கம் இல்லை, ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், நீயே முன்மொழி என்று பரஞ்சோதியிடம் சொல்லிவைத்தேன், ஓமடா என்றான், வேட்டியைத் தோய்த்துக் கஞ்சி போட்டு உடுத்துக்கொண்டு போய் முன்வாங்கில் இருந்தேன். செயலாளர் பதவிக்கு யார் என்று கேட்டார்கள், நான் பரஞ்சோதியைத் திரும்பிப் பார்க்கிறேன், அவன் யன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறான், இன்னொருமுறை கேட்டார்கள், அவன் வாயைத் திறக்கவே இல்லை, தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவரின் பெயரை யாரோ சொன்னார்கள், கைதட்டினார்கள், கூட்டம் முடிந்துவிட்டது. அவன் என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்தான், நான் திரும்பவில்லை, சிவப்புக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன், அடுத்த மாதம் நடந்த எல்லே இறுதி ஆட்டத்துக்கும் போகவில்லை, எங்கள் ஊர் தோற்றுப்போனது, நல்லா வேணும் என்று வீட்டில் இருந்து மாம்பழம் சாப்பிட்டேன், அந்த மாம்பழம் புளித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதோடு ஐம்பத்தைந்து வருடம் பேச்சில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தவன் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான், பிறகு ஊருக்கு நடந்தது உலகத்துக்கே தெரியும், அதை இதற்குள் இழுத்தால் இது வேறு கதையாகிவிடும், கொழும்பில் ஒருநாள் விசா வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறான், ஐந்து மணி நேரம் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிடரி நரைத்திருந்தது, எனக்கும் நரைத்திருக்கும், ஒரு வார்த்தை இல்லை. அவன் மொன்றியலுக்குப் போனான், நான் இங்கே வந்தேன், நிம்மதி என்றிருந்தேன், போன மாசி மாதம் எங்கள் முதியோர் சங்க மண்டபத்துக் கதவைத் திறந்துகொண்டு குளிர்த்தொப்பியோடு ஒரு கிழவன் வருகிறான், மகள் வீட்டுக்கு மாறி வந்திருக்கிறானாம், பரஞ்சோதி. நான் கையிலிருந்த சீட்டுக்கட்டைப் பார்த்தேன், அவன் கரம் விளையாடுகிறவர்கள் பக்கம் போனான், அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேரும், நடுவில் தேத்தண்ணிக் கேத்தல்.

இந்த வீட்டில் மூன்று நாட்டு அரசியல் ஓடுகிறது, கனடா அரசியல், இலங்கை அரசியல், முதியோர் சங்க அரசியல், மூன்றிலும் ஆகப் பொல்லாதது மூன்றாவது. இந்த ஆனியில் பழைய தலைவர் மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறார் என்றதும் என் பழைய ஆசை எழும்பி உட்கார்ந்துவிட்டது, தலைவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஞாயிறு பின்னேரம் மண்டபத்தைத் திறந்து ஆறு மணிவரை நின்று பூட்ட வேண்டும், ஆனாலும் தலைவர் தலைவர்தானே, தில்லையம்பலத்தார் எங்கள் சங்கத்துப் பழைய உறுப்பினர், மனுசன் தானாகவே வந்து, நான் உங்களை முன்மொழியிறன், வழிமொழிய மட்டும் ஒராளைப் பிடியுங்கோ என்றார். உங்களுக்கென்ன விசரே, எழுவத்தைஞ்சு வயசிலை தலைவராகி ஆரைத் திருத்தப் போறியள் என்றாள் புவனம், முதலிலை மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ.

அதற்கிடையில் சங்கத்துக்குப் பேஸ்போல் ஆட்டத்துக்கு இலவச நுழைவுச்சீட்டு நாற்பது கிடைத்தது, பஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், கதிரை இலக்கத்தைப் பார்த்துத் தேடிப் போய் உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரையில் பரஞ்சோதி, எழும்பவும் ஏலாது, எழும்பினால் நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும், நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அவன் அந்தப் பக்கம் பார்த்தான், இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, ஆட்டம் நடுவில்தான் நடந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலம் பொறுத்தான், எறிகிறவன் எறிய எறிய அடிக்கிறவர்கள் கம்பைக் காற்றில் வீசிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள், அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை, முன்கதிரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், உந்த எறியிறவன் எந்தப் பக்கம்? நான் ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், எதிர்ப்பக்கம். அவன் இப்போது முழுதாக என் பக்கம் திரும்பிவிட்டான், எதிர்ப்பக்கத்தான் எறிஞ்சா உவங்கள் எப்பிடி அடிக்கிறது, இதென்ன விசர் விளையாட்டு! எனக்கு வந்த சிரிப்பை அடக்கத் தெரியவில்லை, சிரிப்போடு சேர்ந்து ஐம்பத்தைந்து வருடக் கோபமும் வாயால் வந்துவிட்டது, சொந்தப் பக்கத்தான் மட்டும் என்ன கிழிச்சவன், அண்டைக்கு வாசிகசாலையிலை வாயைத் திறந்தனியே நீ?

அவன் கையிலிருந்த கடலைச் சரைக் கடதாசியை மடித்தான், விரித்தான், பிறகு சொன்னான், வாசிகசாலை நாலிலையிருந்து ஆறரை மட்டும், எல்லே நாலிலையிருந்து ஆறரை மட்டும், நீ செயலாளராய்ப் போனா நான் ஆருக்கு எறியிறது? நான் அவனைப் பார்த்தேன், பகிடி விடுகிறானா என்று பார்த்தேன், இல்லை, அந்த முகத்தில் இருபது வயதுப் பரஞ்சோதி குற்றவாளியாக நின்றான். அப்ப கட்சிக்காக இல்லையோ என்றேன். கட்சியும் மண்ணாங்கட்டியும், இறுதி ஆட்டம் முடிய அடுத்த வருசம் நானே உன்னை முன்மொழியிறதெண்டு இருந்தன், அதைச் சொல்லத்தான் சைக்கிளுக்குப் பின்னாலை ஓடி வந்தன், நீ நிண்டால்தானே மடையா. மடையா என்று என்னைக் கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவன், அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, வெட்கமாகவும் இருந்தது, ஒரு மனுசன் என்னோடு விளையாட ஆசைப்பட்டதை நான் அரசியல் என்று வாசித்து ஒரு ஆயுளைக் கழித்திருக்கிறேன். ஆட்டத்தில் யார் வென்றது என்று எனக்குத் தெரியாது, பஸ்ஸில் வரும்போது அவன் சொன்னான், மகள் வீட்டுக்குப் பின்னாலை ஒரு பார்க் இருக்கு, மற்ற நாளெல்லாம் பேரப்பிள்ளையைப் பாக்கிறது என்ர வேலை, ஞாயிறு பின்னேரம் மட்டும் நான் சும்மா, வாறியே, நான் எறியிறன்.

ஞாயிறு பின்னேரம். அந்தக் கிழமை முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஞாயிறு பின்னேரம் தலைவரின் கையில் மண்டபத் திறப்பு, ஞாயிறு பின்னேரம் பரஞ்சோதியின் கையில் பந்து, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று புவனம் என்னைப் பார்த்துச் சிரித்தாள், சனிக்கிழமைக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்கோவன் என்றாள், மண்டபத்தைச் சனிக்கிழமை கல்யாணக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள், பரஞ்சோதியின் மகள் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறாள், நான் எல்லாம் விசாரித்துவிட்டேன். மத்தியானம் கண் அயர்ந்தால் கனவில் பாராளுமன்றம், சபாநாயகர் என் பெயரைக் கூப்பிடுகிறார், நான் எழும்புகிறேன், சபை முழுக்க வெறும் கதிரைகள், எல்லோரும் எல்லே விளையாடப் போய்விட்டார்களாம், ஆடுகள் இரண்டும் மட்டும் இருக்கின்றன, அவையும் என்னைப் பார்க்கவில்லை. வழிமொழிய ஆள் பிடித்தாச்சோ என்று தில்லையம்பலத்தார் தொலைபேசியில் கேட்டார், பிடிக்கலாம் என்றேன், பிடிக்கவில்லை, பரஞ்சோதியிடம் கேட்கலாமா என்று ஒருமுறை இலக்கத்தை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன், கேட்டால் இந்த முறை ஓம் என்று சொல்லி, சொன்னபடி செய்தும் விடுவான், அதுதான் பயமாக இருந்தது.

பொதுக்கூட்டத்துக்குத் தேர்தல் அதிகாரி அருளம்பலம் சேர், ஊரில் கல்லூரி அதிபராக இருந்தவர், எண்பத்தெட்டு வயது, மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் இப்போதும் முதுகு நிமிர்ந்துவிடும். தலைவர் பதவிக்கு முன்மொழியிறவர் சொல்லலாம் என்றார், தில்லையம்பலத்தார் எழும்பி என் பெயரை நீட்டி முழக்கிச் சொன்னார், கைதட்டினார்கள், கேட்க நல்லாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது, இருபது வயதில் நான் கேட்கக் காத்திருந்த சத்தம் அது. வழிமொழியிறவர்? சபையில் இருமல் சத்தம் மட்டும், என் பக்கத்துக் கதிரையில் இருந்த பரஞ்சோதி மெல்லக் கையைத் தூக்கத் தொடங்கினான், என் முகத்தைப் பார்க்காமல், கடன் கழிக்கிறவன்போல, கை நாடிவரை வந்துவிட்டது, நான் அதைப் பிடித்து இறக்கிவிட்டு எழும்பினேன். சேர், மன்னிக்க வேணும், எனக்கு ஏலாது, ஞாயிறு பின்னேரத்திலை எனக்கு ஒரு அலுவல் இருக்கு. அருளம்பலம் சேர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார், என்ன அலுவல்? நூறு கண்கள் என்னைப் பார்த்தன, புவனமும் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள், விளையாட்டு, சேர் என்றேன், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பெடியன்போல. பக்கத்தில் கதிரை இழுபட்டது, பரஞ்சோதி எழும்பி நின்றான், தொண்டையைச் செருமினான், ஐம்பத்தைந்து வருடம் கழித்து வாயைத் திறந்து, நாலு பக்கமும் கேட்கிற மாதிரிச் சொன்னான், சேர், அதை நான் வழிமொழியிறன்.